நாற்பதாயிரமும் ஒரு ஜோடித் தண்டட்டியும்

கேள்வி: எனக்கு 36 வயது. சொந்த ஊர் காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். வேலை கோவையில், ஆடிட்டர் அலுவலகத்தில். கொஞ்ச காலமாகவே அலமாரியைக் குறைத்துக்கொண்டு வந்து, இப்போது வெள்ளை, சாம்பல், கறுப்பு, கருநீலம் என்று நாலு நிறத்தில் நிற்கிறேன். லினன் சட்டை, காதி குர்தா, சில காட்டன் சேலைகள், இரண்டு கண்டாங்கிச் சேலை. நகை என்று பார்த்தால் நூல் மாதிரி ஒரு செயினும் பொட்டுக் கம்மலும்தான். இன்னும் கல்யாணம் ஆகவில்லை. தை மாதம் ஊரில் தோழியின் தங்கைக்குக் கல்யாணம். செட்டியார் வீட்டுக் கல்யாணம். "வெறுங்கழுத்தோட வந்து நிக்காதே" என்கிறார் அம்மா. எனக்கும் பெரிதாக, இன்றைய பாணியில் ஒரே ஒரு நகை போட ஆசைதான். ஆனால் கடையில் எதைப் போட்டுப் பார்த்தாலும் வேஷம் கட்டியது போல இருக்கிறது. கையில் நாற்பதாயிரம் ஒதுக்கியிருக்கிறேன். அப்பத்தா காதில் போட்டிருந்த தங்கத் தண்டட்டி ஒரு ஜோடி லாக்கரில் கிடக்கிறது. அதை உருக்கி வளையல் செய்துகொள் என்கிறார் அம்மா. கழுத்தளவு முடி, கண்ணாடி போடுபவள். ஆன்லைனில் 'செட்டிநாடு ஸ்டைல்' என்று கழுத்துரு மாதிரியில் ஒரு மாலை பார்த்தேன், அதை வாங்கலாமா?

பதில்:

முதலில் அந்தத் தண்டட்டி. அதை உருக்கக் கொடுக்காதீர்கள். மற்ற எதையும் பிறகு மாற்றிக்கொள்ளலாம், இதை மட்டும் முடியாது.

அப்பத்தா ஞாபகம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அது உங்களுக்கே தெரியும். கணக்காகப் பார்த்தாலும் இது கட்டுப்படியாகாது. பழைய தண்டட்டியும், அதைப் போலவே வளர்த்த காதில் போடும் பாம்படமும் கெட்டித் தங்கம் கிடையாது. மெல்லிய தங்கத் தகட்டை உருவாக அடித்து, உள்ளே அரக்கை நிரப்பி மூடியிருப்பார்கள். கையில் வைத்தால் கனமாகத் தெரியும். தராசில் எடை பார்த்து, மனதுக்குள் இத்தனை பவுன் என்று கணக்குப் போட்டிருப்பார் அம்மா. வெட்டி உருக்கும்போது அரக்கு போகும், உள்ளே சேர்ந்த அழுக்கு போகும், பற்றவைத்த இடத்தில் மாற்று, அதாவது தங்கத்தின் தரம், குறையும். மிஞ்சுகிற தங்கத்துக்கு மேல் செய்கூலி, சேதாரம், வரி என்று உங்கள் பணமும் போகும். கடைசியில் வருவது யாரிடமும் இருக்கக்கூடிய ஒரு மெல்லிய வளையல்.

இன்னொன்றும் உண்டு, நகை வடிவமைப்பவள் என்ற முறையில் சொல்கிறேன். அந்தத் தண்டட்டியை எடுத்து ஒரு வெள்ளைத் துணியின் மேல் வைத்துப் பாருங்கள். பூ இல்லை, மயில் இல்லை, சிவப்புக் கல் இல்லை. உருண்டை, கட்டம், தகடு. பாம்படத்தில் முக்கோணமும் சேரும். பளிச்சென்ற வடிவங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஒரு சின்னச் சிற்பம் அது. இன்றைக்கு 'கான்டெம்பரரி' என்று கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விற்பவர்கள் தேடி அலையும் வடிவம் இதுதான். நம் சிவகங்கை, மதுரை, ராமநாதபுரம் பக்கத்துக் கிழவிகள் அதைக் காதில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்வந்தார்கள். நீங்கள் கடை கடையாகத் தேடுகிற நகை உங்கள் வீட்டு லாக்கரிலேயே இருக்கிறது.

ஆனால் காதில் போட முடியாது. வளர்த்த காதுக்குச் செய்தது அது. உங்கள் பொட்டுக் கம்மல் துளையில் அதைத் தொங்கவிட நினைத்தால் மடல் கிழியும். கழுத்துக்குத்தான் கொண்டுவர வேண்டும். ஒன்றை மட்டும் எடுத்து, காது மடல் நுழையும் இடத்திலேயே ஒரு வளையத்தைக் கோத்து, பட்டுக் கயிற்றில் தொங்கவிடலாம். கறுப்புக் கயிறு வேண்டாம். கண்ணேறுக்குக் கட்டியதா என்று ஊரில் நாலு பேர் கேட்பார்கள். காப்பிப் பழுப்போ அடர்ந்த அரக்குச் சிவப்போ நன்றாக இருக்கும். கயிறு பிடிக்கவில்லையென்றால் வெள்ளியில் ஒரு மெல்லிய கம்பி வளையம், கழுத்தைச் சுற்றி விறைப்பாக நிற்கிற மாதிரி. தங்கமும் வெள்ளியும் சேரக்கூடாது என்று யாராவது சொன்னால் காதில் வாங்கிக்கொள்ள வேண்டாம். உங்கள் சாம்பல், வெள்ளைத் துணிகளுக்கு இரண்டும் சேர்ந்தால்தான் உயிர்.

இரண்டையும் சேர்த்துத் தொங்கவிடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். கல்யாணத்துக்கு வேண்டுமானால் சரி. அலுவலகத்துக்கு ஒன்று போதும்.

இனி அந்த வேஷம் கட்டியது போன்ற உணர்வு. அதற்குக் காரணம் நகையின் அளவு என்று நினைக்கிறீர்கள். நான் பார்த்தவரை பெரும்பாலும் 'செட்'தான் காரணம். நெக்லஸ் வாங்கினால் அதே டிசைனில் கம்மல், அதே டிசைனில் மோதிரம் என்று கடைக்காரர் அடுக்குவார், நாமும் தலையாட்டுவோம். உடம்பில் மூன்று இடத்தில் ஒரே சத்தம். அதோடு நீங்கள் எப்போதும் போடும் நூல் செயினையும் கழற்றாமல் அதன் மேலேயே பெரியதைப் போட்டுப் பார்த்திருப்பீர்கள். மெல்லியது பெரியதைக் குழப்பும், பெரியது மெல்லியதைக் கேலி செய்யும். பெரிய நகை போடுகிற அன்று அது மட்டும்தான். பொட்டுக் கம்மல் இருக்கட்டும், மற்றதெல்லாம் டப்பாவில்.

நம் பக்கத்துப் பெரிய வீடுகளின் முகப்பை நினைத்துப் பாருங்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த சுண்ணாம்புச் சுவர் வழவழவென்று வெறுமையாக நிற்கும். அதன் நடுவில் செதுக்கல் நிறைந்த ஒரு தேக்கு வாசல் நிலை. சுவர் சும்மா இருப்பதால்தான் நிலை தெரிகிறது. உங்கள் அலமாரி அந்தச் சுவர்.

இன்னொரு காரணம் கடையின் கண்ணாடி. மஞ்சள் விளக்கு, கழுத்து மட்டும் தெரிகிற சின்னக் கண்ணாடி, கீழே கறுப்பு வெல்வெட். அங்கே எந்த நகையும் கனமாகத்தான் தெரியும். கடைக்குப் போகும்போது நீங்கள் அதிகம் போடுகிற வெள்ளைச் சட்டையிலேயே போங்கள். நகையைப் போட்டுக்கொண்டு ஆளுயரக் கண்ணாடிக்கு ஐந்தாறு அடி தள்ளி நில்லுங்கள். மனிதர்கள் நம்மைப் பார்ப்பது அந்தத் தூரத்திலிருந்துதான். கூட வந்தவரை ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். போட்டோவில் முதலில் நகை தெரிந்து அப்புறம் நீங்கள் தெரிந்தால் அதை வைத்துவிட்டு வந்துவிடலாம்.

எந்த இடத்தில் போடுவது என்பது துணியைப் பொறுத்தது. இதில் கொஞ்சம் விலாவாரியாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் காசு வீணாகிறது.

சேலைக்கு நீளமான சங்கிலி பெரும்பாலும் ஒத்துவராது. மடிப்பில் போய் ஒளிந்துகொள்ளும், அல்லது தோள் ஊக்கில் சிக்கும். குனிந்து நிமிர்ந்தால் பதக்கம் முந்தானைக்குள் போய்விடும். சேலைக்குக் கழுத்தெலும்பை ஒட்டி, 15, 16 அங்குலத்தில் நிற்கிற நகைதான் பளிச்சென்று தெரியும். நம் பழைய அட்டிகையின் அளவு அதுதான். தாலிச் சங்கிலி போட்டிருப்பவர்களுக்கும் இதுவே நல்லது. சங்கிலி ரவிக்கைக்குள் போய்விடும், மேலே இது தனியாக நிற்கும். உங்கள் தண்டட்டியைக் கல்யாணத்துக்கு இந்த உயரத்தில் கட்டுங்கள். கயிற்றின் முடிச்சை நகர்த்துகிற மாதிரி வைத்தால் குர்தாவுக்கு 26, 28 அங்குலம் வரை இறக்கிக்கொள்ளலாம். குர்தாவில் அந்த நீளம் அழகு. மார்பெலும்புக்குக் கீழே, வெறும் துணியின் மேல் நிற்கும்.

சட்டைக் காலருக்குக் கழுத்து நகை வேண்டவே வேண்டாம். காலர்தான் கழுத்துக்கு நகை. சட்டை போடுகிற நாளில் கைக்குப் போய்விடுங்கள்.

கண்ணாடி போடுவதால் காது விஷயத்தில் ஒரு வார்த்தை. கண்ணாடிச் சட்டம் தடிமனாக இருந்தால் முகத்தில் ஏற்கெனவே ஒரு பெரிய நகை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே ஆடுகிற நீளக் கம்மல் கூட்டமாகிவிடும். மடலோடு ஒட்டி நிற்கிற ஒரு தட்டையான வடிவம், ஐந்து ரூபாய் நாணயம் அளவில், சரியாக இருக்கும். எடையும் முக்கியம். ஒரு காதுக்கு ஒரு பவுன் எடையைத் தாண்டினால் மாலைக்குள் வலி எடுக்கும். ஒருவேளை அம்மாவிடம் பழைய ஏழுகல் வைரத்தோடு இருந்தால் ஒருநாள் கடன் கேட்டு, வெள்ளை லினன் சட்டையோடு போட்டுப் பாருங்கள். வேறு எதுவும் வேண்டாம். அந்த ப்ளூ ஜாகர் கற்கள், தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்தால் பெயர் பெற்றவை, பட்டுச் சேலைக்கு நடுவே காணாமல் போகிறவை. சட்டைக்கு மேல் திடீரென்று விழித்துக்கொள்ளும். கல்லின் பின்பக்கம் மூடிய பழைய கட்டு என்றால் மட்டும் தண்ணீரில் முக்காதீர்கள். உள்ளே ஈரம் போனால் கல் மங்கும்.

இப்போது உங்கள் நாற்பதாயிரம். இன்றைய விலைக்கு அது ஒரு பவுன் தங்கத்துக்கே வராது. ஒரு பவுனுக்குள் பெரிய நகை வேண்டுமென்றால் தகட்டைக் காகிதமாக அடிக்க வேண்டும். 22 காரட் இயல்பிலேயே மென்மை. அகலமான தகடாக அடித்தால் கைப்பிடியில் இடித்ததும் நெளியும். ஆகவே வெள்ளி. வேறு வழியில்லை என்பதால் சொல்லவில்லை, இந்த வேலைக்கு வெள்ளிதான் பொருத்தம். ஓர் அங்குல அகலத்தில், வேலைப்பாடு இல்லாமல், வாய் திறந்த ஒரு காப்பு எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளியில் சுமார் 40 கிராம் வரும். அதே அளவை 22 காரட்டில் வார்த்தால் ஏறக்குறைய 68 கிராம், எட்டரைப் பவுன். அதைக் கையில் மாட்டிக்கொண்டு டவுன் பஸ்ஸில் போவீர்களா?

என் பரிந்துரை இந்தக் காப்புதான். உங்கள் சட்டை, குர்தா இரண்டுக்கும் போகும். எழுதாத கையில், மவுஸ் பிடிக்காத கையில் போடுங்கள். இல்லாவிட்டால் மேசையில் டொக் டொக் என்று அடித்துக்கொண்டிருக்கும். வட்டமாக இல்லாமல் மணிக்கட்டைப் போல நீள்வட்டமாக இருக்கிறதா பாருங்கள், அப்போதுதான் சுற்றாது. மாட்டும்போது வாயை அகட்டாமல் மணிக்கட்டின் பக்கவாட்டில் நுழைத்துத் திருப்புங்கள். தினமும் விரித்து மூடினால் உலோகம் விறைத்து ஒருநாள் நடுவில் விரிசல் விடும்.

காலுக்குப் போடுகிற வெள்ளியைக் கைக்கும் கழுத்துக்கும் போடுவதா என்று அம்மா கேட்பார். கேட்காவிட்டால்தான் ஆச்சரியம். சாமிக்கே வெள்ளிக் கவசம் சாத்துகிறோம், நமக்கு ஆகாதா என்று சொல்லிவிடுங்கள். இந்தத் தயக்கம் நமக்கு மட்டும் உள்ளதும் அல்ல. அமெரிக்காவில் டிஃபனி போன்ற வைரக் கடையில் 1974-ல் எல்சா பெரெட்டி என்ற வடிவமைப்பாளர் சேர்ந்து, மணிக்கட்டு எலும்பின் வளைவைப் பின்பற்றிய வெறும் வெள்ளிக் காப்பைக் கொண்டுவந்தார். கல் கிடையாது, செதுக்கல் கிடையாது. இன்றும் அது விற்பனையில் இருக்கிறது. நான் சொல்கிற காப்புக்கு அது உறவுக்காரி.

வாங்கும்போது 925 என்ற முத்திரையையும் பில்லில் அதே எண்ணையும் பாருங்கள். நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி என்று பொருள், மீதி பெரும்பாலும் செம்பு. தங்கத்துக்கு 2023 ஏப்ரல் முதல் ஒவ்வொரு நகைக்கும் தனியான, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. கட்டாயமாகிவிட்டது, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் தட்டிப் பார்க்கலாம். வெள்ளிக்கு அந்தக் கட்டாயம் இல்லாததால் பில்தான் உங்கள் பிடிமானம். 'ஜெர்மன் சில்வர்' என்று சொன்னால் அதில் வெள்ளி துளியும் கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம். சிலருக்கு நிக்கல் பட்டால் தோல் அரிக்கும். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் சுற்றும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே நேரம் போவதே தெரியாது, அழகான பொருள்களும் கிடைக்கும். வெள்ளி மாதிரி இருப்பதெல்லாம் வெள்ளி இல்லை. தங்க முலாம் வேண்டுமானால் காதுக்கும் பதக்கத்துக்கும் சரி. காப்புக்கும் மோதிரத்துக்கும் வேண்டாம், உரசி உரசிச் சீக்கிரம் வெளுக்கும்.

இந்தக் காப்புக்குக் கொடுக்கும் செய்கூலி திரும்பி வராது என்பதையும் தெரிந்தே வாங்குங்கள். புதுப் பாணி நகையில் நாம் கொடுப்பதில் பெரும்பங்கு கைவேலைக்குத்தான். சேமிப்புக்குத் தங்கம் வாங்குவது தனிக் கணக்கு, போட்டுக்கொள்ள வாங்குவது தனிக் கணக்கு. இரண்டையும் ஒரே நகையில் எதிர்பார்த்தால் போடவும் பயமாக இருக்கும், விற்கவும் மனது வராது. பிறகு அது லாக்கர் நகை.

கண்டாங்கிக்குத் தனியாக ஒரு பத்தி வேண்டும். உங்கள் அலமாரியில் சும்மா இல்லாத துணி அது ஒன்றுதான். மஞ்சள், செங்கல் சிவப்பு, கறுப்பு, கட்டம், கையகலக் கரை. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய சேலை, தானே பேசும். அதன் மேல் பளபளக்கிற எதையும் போடாதீர்கள். தங்க மெருகும் அந்த மஞ்சளும் மோதிக்கொள்ளும். பழைய தங்கத்தின் மங்கல் நிறம் அதோடு அழகாகப் போகும், தண்டட்டிக்கு இருப்பது அந்த நிறம்தான். மெருகு போடுகிறேன் என்று நகை செய்கிற பத்தர் எடுத்தால் தடுத்துவிடுங்கள். தகடு ஏற்கெனவே மெல்லியது, மெஷினில் தேய்த்தால் மூலையில் ஓட்டை விழும். கல்யாணத்துக்கு என்னைக் கேட்டால் கறுப்பு ஓடுகிற கண்டாங்கி, கையில்லாத வெற்று ரவிக்கை, கழுத்தில் தண்டட்டி. பட்டுக் கூட்டத்தில் தனியாகத் தெரிவீர்கள், அம்மாவுக்கும் கழுத்து வெறுமையாக இருக்காது.

அந்த ஆன்லைன் கழுத்துரு மாலையை வாங்காதீர்கள். கழுத்துரு நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார் வீட்டில் கல்யாணத்தன்று பூட்டுகிற தாலி. மஞ்சள் நூலில் கோத்து, கல்யாணத்துக்கும் பிறகு அறுபதாம் கல்யாணத்துக்கும் அணிகிறார்கள். அதன் நகலை மாட்டிக்கொண்டு அதே வீட்டுக் கல்யாணத்தில் போய் நின்றால், பெண்ணுக்குத் திருப்பூட்டுகிற நேரத்தில் ஆச்சிமார் எல்லாரும் உங்கள் கழுத்தைத்தான் பார்ப்பார்கள். ஒருவரும் வாய் திறந்து சொல்லமாட்டார்கள், அதுதான் இன்னும் கஷ்டம். வேறு ஊரில், வேறு இடத்தில் போடலாமா என்றாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. அது ஆளாளுக்கு மாறுகிற விஷயம், உங்கள் விருப்பம்.

கடைசியாக, தண்டட்டியை யாரிடம் கொடுப்பது. பெரிய ஷோரூமில் கொடுக்காதீர்கள். அவர்கள் அதை வாங்கி உருக்கத்தான் பார்ப்பார்கள். பழைய அரக்கு வேலை தெரிந்த பத்தர் ஒருவரைப் பிடியுங்கள். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வயதானவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வீட்டிலேயே நாலு பக்கமும் போட்டோ எடுத்து, எடை போட்டுக் குறித்துக்கொண்டு போங்கள். "பற்றவைக்கக் கூடாது, நெருப்பே காட்டக் கூடாது, வளையம் மட்டும் கோக்கணும்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். சூடு பட்டால் அரக்கு இளகித் தையல் வழியே கசியும், தகடு உப்பிவிடும். நசுங்கல் இருந்தால் இருக்கட்டும், எடுக்கச் சொல்ல வேண்டாம். அரை மணி நேர வேலைதான், பக்கத்திலேயே உட்கார்ந்து வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். வீட்டுக்கு வந்ததும் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறப்போடாதீர்கள், உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்தால் போதும். வெயிலில் நிற்கிற காருக்குள்ளும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். கல்யாண வீட்டு வாசலில் பன்னீர் தெளிக்கும்போது கழுத்தைக் கையால் கொஞ்சம் மூடிக்கொள்ளுங்கள்.